ஈயக்குண்டும் மினிட் புத்தகமும்: படகு உரிமையாளர் சங்கம் வேலை செய்யும் விதம்

பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் சங்கம் என்று யாராவது சொன்னால் நம் ஆட்களுக்கு நினைவு வருவது தோட்டத் தொழிலாளர் சங்கம்தான். ஒரு பக்கம் 1954-இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், எதிர்ப்பக்கம் மாப்பா எனும் தோட்ட முதலாளிகள் அமைப்பு. இரண்டும் உட்கார்ந்து பேசிக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் சம்பளம் மாறும். இந்தக் கணக்கோடு பெர்ணம் ஆற்றங்கரைக்குப் போய் மீன்பிடிப் படகு உரிமையாளர் சங்கத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அங்கே எதிரில் உட்கார ஒரு தரப்பு கிடையாது. இருப்பவை அரசாங்க அலுவலகங்கள், அதுவும் ஏழெட்டு. ஒவ்வொன்றும் தன் மேசைக்கு வரும் தாளை மட்டுமே பார்க்கும். வேலைநிறுத்தம் செய்கிறோம் என்று சொல்லிப் படகைக் கட்டிப்போட்டால் நட்டம் படகுக்காரருக்குத்தான், அலுவலகத்துக்கு இல்லை. ஆகவே சங்கத்தின் பலம் கூட்டத்தின் தலை எண்ணிக்கையில் இல்லை. என்றைக்கு, எந்த இடத்தில், எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கும் கணக்கில் இருக்கிறது.

இங்கே படகு முதலாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள். நம் தமிழர்கள் லோரி, ஐஸ், வெல்டிங், இஞ்சின் பட்டறை, கிராணி எனும் எழுத்தர் வேலை என்று அதைச் சுற்றி இருக்கிறார்கள். சிலர் படகில் பங்கு போட்டும் இருக்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு ஒரு மொழியில் ஓடும், மினிட் எனும் கூட்டக் குறிப்பு மலாயில் எழுதப்படும், கடிதமும் மலாயில்தான் போகும். அந்த மினிட்டை எழுதுகிறவர் பல இடங்களில் ஒரு தமிழ்க் கிராணி. இந்தப் பதிவு முக்கியமாக அவருக்காக.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெர்சாத்துவான் நெலாயான் வேறு, படகு உரிமையாளர் சங்கம் வேறு. முன்னது 1971-ஆம் ஆண்டு மீனவர் சங்கச் சட்டத்தின் கீழ் வருவது. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று மூன்று படி. மீன்வள வளர்ச்சி வாரியமான எல்.கே.ஐ.எம் மேற்பார்வையில் இயங்கும். பல இடங்களில் மானிய டீசல் விநியோகமும் அதன் கையில்தான். உரிமையாளர் சங்கம் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ், கோவில் கமிட்டி, பந்து விளையாட்டுச் சங்கம் போலவே பதிவாகும் அமைப்பு. அதற்கு டீசல் கொடுக்கும் அதிகாரமும் இல்லை, லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரமும் இல்லை. கேட்பதும், காட்டுவதும், எதிர்ப்பதும்தான் அதன் வேலை. ஒரே ஆள் இரண்டிலும் உறுப்பினராக இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். ஆனால் எந்தத் தொப்பியோடு பேசுகிறோம் என்று கடிதத் தலைப்பில் தெளிவாக இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் குறையை எங்கே கொண்டுபோவது. லைசன்ஸ், வலை, கடல் வட்டாரம் என்றால் மாவட்ட மீன்வள அலுவலகம், அங்கிருந்து மாநில இயக்குநர், அதற்கு மேல் புத்ராஜெயாவில் தலைமை இயக்குநர். டீசல் விலை, கோட்டா என்றால் எல்.கே.ஐ.எம். டீசல் கடத்தல், கைமாற்று என்று புகார் வந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சு. வெளிநாட்டு ஆட்களின் தாள்கள் என்றால் குடிநுழைவு இலாகா. கடலில் சோதனை, பிடிபட்ட படகு என்றால் மாரித்திம் என்று எல்லாரும் சொல்லும் கடல்சார் அமலாக்க நிறுவனம் அல்லது கடல் போலீஸ். ஆற்றுமுகம் தூர்ந்துபோனால் வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜே.பி.எஸ். ஒரே கடிதத்தில் டீசல், ஆள், ஆற்றுமுகம் மூன்றையும் கலந்து அமைச்சருக்கே அனுப்பும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. அமைச்சர் அலுவலகம் அதைப் பிரித்து மூன்று இலாகாவுக்கு அனுப்பும், மூன்றும் மாவட்டத்திடமே விளக்கம் கேட்கும், மாவட்ட அதிகாரியோ தன்னைத் தாண்டிப் போனார்கள் என்ற மனக்குறையில் இருப்பார். ஒரு குறைக்கு ஒரு கடிதம், கீழ்ப்படியிலிருந்து தொடங்குவது, மேற்படிக்கு நகல். இதை மாற்றக் கூடாது.

ஆற்றுமுகத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து படகு ஆற்றில் நெடுந்தூரம் இறங்கித்தான் கடலைத் தொட வேண்டும். முகத்தில் சேறு ஏறிவிட்டால் நீரேற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். “ஆறு தூர்ந்துவிட்டது, தோண்டித் தாருங்கள்” என்று எழுதினால் “கவனத்தில் கொள்ளப்பட்டது” என்று ஒரு வரி பதில் வரும். அதே கோரிக்கையை ஆழ அட்டவணையோடு அனுப்பினால் பொறியாளர் ஒருவர் அதைத் தன் கணக்கோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அந்த அட்டவணை எடுப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு மூன்று கிலோ ஈயக்குண்டு, நீளாத கயிறு. நைலான் கயிறு இழுத்தால் நீண்டுவிடும் என்பதால் வேறு கயிறு எடுத்து, அதையும் ஒருநாள் ஊறவைத்த பிறகே 10 செண்டிமீட்டருக்கு ஒரு அடையாளம் கட்ட வேண்டும். நம் ஆற்றுமுகம் மணல் இல்லை, குழம்பான சேறு. கூம்பு வடிவக் குண்டு சேற்றுக்குள் இறங்கி, இருப்பதைவிட அதிக ஆழத்தைக் காட்டும். குண்டுக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு இரும்புத் தகடு வைத்துப் பொருத்தினால் இறங்காது. படகில் இருக்கும் மீன் காட்டும் கருவியை வைத்தும் அளக்கலாம். ஆனால் 200 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் தளர்ந்த சேற்றின் மேல்முகத்தைக் காட்டும், 50-இல் வைத்தால் அடியில் இறுகிய தரையைக் காட்டும். இரண்டையும் கலந்து எழுதிய அட்டவணையைப் பொறியாளர் ஒரு பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார். எதில் அளந்தோம் என்று தாளின் தலையில் எழுதிவிட வேண்டும்.

படகு போகும் வழித்தடத்தில் 50 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஜி.பி.எஸ் எண், மணி, கயிறு காட்டிய அளவு, அளந்தவர் பெயர். பிறகுதான் முக்கியமான கழித்தல். கயிறு காட்டுவது அந்த நேரத்துத் தண்ணீர் ஆழம். அதிலிருந்து அந்த மணிக்குரிய நீரேற்ற உயரத்தைக் கழித்தால்தான் நிலையான ஆழம் கிடைக்கும். நில அளவை இலாகாவான ஜூப்பெம் ஆண்டுதோறும் நீரேற்ற அட்டவணை வெளியிடுகிறது. லூமுட்டும் கிள்ளானும் நமக்கு இரு பக்கமும் இருக்கும் நிலையங்கள். எந்த நிலையத்தின் எண் என்பதையும் எழுத வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள்: கயிறு 2.6 மீட்டர் காட்டுகிறது, அந்த மணிக்கு நீரேற்றம் 1.7 மீட்டர். நிலையான ஆழம் 0.9 மீட்டர்தான். படகு தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்கி நிற்கும், சுழலி சேற்றைக் கிளறாமல் இருக்க அரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் தேவை 2.3. ஆக நீரேற்றம் 1.4 மீட்டருக்கு மேல் இருக்கும் மணிகளில் மட்டுமே அந்தப் படகு முகத்தைத் தாண்ட முடியும். நீரேற்ற அட்டவணையில் அதற்குக் குறைந்த மணிகளை எண்ணிப் பார்த்தால், இந்த மாதத்தில் எத்தனை நாள் எத்தனை மணி நேரம் படகு வெளியே நிற்கும் என்று கிடைத்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் ஐஸ் உருகுகிறது, மீன் தரம் இறங்குகிறது. அதையும் கிலோவாக, வெள்ளியாக (ரிங்கிட்) எழுதிச் சேர்த்தால் கடிதம் முழுமையாகும். அமாவாசையை ஒட்டி ஒருமுறை, அட்டமியை ஒட்டி ஒருமுறை என்று குறைந்தது இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒரே நாள் அளவை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

வலைக் கண் விவகாரத்திலும் இதே கதைதான். பூகாட் துண்டா எனும் இழுவலையின் கடைசியில் மீன் சேரும் பைதான் மடி. அந்த மடியின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மலாயில் அந்த மடிக்குக் கெரொஞ்சோங் என்று பெயர். நிறைய உரிமையாளர்கள் மாட்டிக்கொள்வது கள்ளத்தனத்தால் இல்லை, கடைக் கணக்கால். கடையில் ஒன்றரை அங்குலக் கண் என்று வாங்குகிறோம். ஒன்றரை அங்குலம் 38.1 மில்லிமீட்டர், சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வலை செய்கிறவர்கள் பல நேரம் முடிச்சின் நடுவிலிருந்து எதிர் முடிச்சின் நடு வரை அளந்து சொல்கிறார்கள். அதிகாரி அளப்பது கண்ணை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சின் உள்விளிம்பிலிருந்து எதிர் முடிச்சின் உள்விளிம்பு வரை. மடிக்குத் தடித்த இரட்டை நூல் போட்டிருந்தால் முடிச்சு மட்டுமே ஐந்தாறு மில்லிமீட்டர் தின்றுவிடும். கையில் நிற்பது 32, 33. மடி கிழியாமல் இருக்க வெளியே இன்னொரு வலை சுற்றியிருந்தால், இரண்டின் கண்ணும் ஒன்றன்மேல் ஒன்று மாறி விழுந்து திறப்பு இன்னும் சிறுத்துவிடும்.

சங்கம் செய்ய வேண்டியது: உறுப்பினர் வலை வாங்கும்போதே உள் அளவு கேட்டு வாங்கச் சொல்வது, 42-க்கு மேல் இருந்தால் நிம்மதி. வருடாந்திர லைசன்ஸ் சோதனைக்கு முன் கரையிலேயே நனைந்த மடியில் அடுத்தடுத்து 20 கண்களை அளந்து, தையல் ஓரத்தை விட்டுவிட்டு, சராசரியை எழுதி வைப்பது. படகு எண்ணோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டால் நல்லது. அந்தத் தாள் இருந்தால், கடலில் அதிகாரியின் அளவும் நம் அளவும் மாறும்போது பேச ஓர் இடம் கிடைக்கும். தாள் இல்லாமல் “நாங்கள் சரியான வலைதான் வாங்கினோம்” என்று வாதாடுவது வீண். சிறு கண் வலையை வைத்துக்கொண்டு குஞ்சு மீனை அள்ளுவதைச் சங்கம் ஆதரிக்கவும் கூடாது. இன்றைக்கு ஐஸ் பெட்டிக்குள் போகும் அந்தக் குஞ்சுதான் அடுத்த வருடத்துப் பிடிப்பு.

டீசல். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் சில்லறை டீசல் லிட்டர் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது மீனவர் விலை 1 வெள்ளி 65 காசிலேயே நின்றது. அன்றைக்கு இடைவெளி 1 வெள்ளி 70 காசு. இவ்வளவு இடைவெளி இருக்கும் இடத்தில் கைமாற்று ஆசை வரத்தான் செய்யும். அதனால்தான் கோட்டாவைக் குறைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் யோக்கியமான படகும் சேர்ந்து அடி வாங்குகிறது. இதற்குச் சங்கத்திடம் இருக்க வேண்டிய விடை இஞ்சின் கணக்கு. டீசல் இஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.19 லிட்டர் குடிக்கும். 350 குதிரைத்திறன் இஞ்சின், அறுபது விழுக்காடு சுமையில், நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 718 லிட்டர். மாதத்தில் 20 நாள் கடல் என்றால் 14,360 லிட்டர். அந்த இடைவெளியில் இது மாதம் 24,400 வெள்ளிக்குப் பக்கம், படகு பிழைப்பதும் மூழ்குவதும் இதற்குள்தான். ஒவ்வொரு படகுக்கும் வாங்கிய லிட்டர், கடலுக்குப் போன நாள், இஞ்சின் மணி, இறக்கிய மீன் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு இருந்தால், கோட்டா போதவில்லை என்று கேட்கும்போது அதை அப்படியே விரித்துக் காட்டலாம்.

அதே நோட்டு யார் பொய் சொல்கிறார் என்றும் காட்டிவிடும். 20 நாள் கடலுக்குப் போனதாகச் சொல்லி 25,000 லிட்டர் வாங்கிய படகுக்கு மீன் இறங்கிய கணக்கு இல்லையென்றால், சங்கம் அந்த உறுப்பினருக்காகக் கடிதம் எழுதக் கூடாது. 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தனிநபருக்கே பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்படிப்பட்டவருக்கு ஒருமுறை பரிந்து பேசிவிட்டால், அடுத்த முறை நியாயமான படகுக்காகப் போகும்போது அந்த அலுவலகத்தில் நாற்காலி கூடக் கிடைக்காது.

கடல் வட்டாரப் பிரச்சினையும் இதே நேர்மையைக் கேட்கிறது. 1960, 70-களில் மேற்குக் கரையில் இழுவைப் படகுகளுக்கும் கரையோரச் சிறு படகுகளுக்கும் நடந்த மோதல்களில் உயிர்களே போயின. அதற்குப் பிறகுதான் 1981-இல் உரிமக் கொள்கை கடலைப் பட்டை பட்டையாகப் பிரித்தது: முதல் 5 கடல்மைல் பாரம்பரிய வலைக்காரருக்கு, 5 முதல் 12 வரை 40 டன்னுக்குக் குறைந்த படகுகளுக்கு, 12 முதல் 30 வரை அதற்கு மேற்பட்டவைக்கு, 30-க்கு அப்பால் 70 டன்னுக்கு மேற்பட்டவைக்கு. சில கரைகளில் இந்த எல்லை பிற்பாடு தள்ளிப் போயிருக்கிறது. அதனால் வாய்ப்பேச்சை நம்பாமல், உங்கள் லைசன்ஸ் தாளில் எழுதியிருப்பதையே எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கரையோரம் வலை இழுப்பது பாகான் டத்தோ பக்கம் சிறு படகில் போகும் மீனவரின் வலையை அறுக்கும் வேலை. அவரும் நம் சனம்தான், மலாய்க்காரரும்தான். அறுபட்ட வலைக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாட்டைச் சங்கமே நடத்தினால் போலீஸ் புகார் பாதி குறையும்.

இங்கே சொல்லும் டன் எடை இல்லை, கொள்ளளவு. மூடிய இடத்தின் நூறு கன அடிக்கு ஒரு டன். 39 டன்னில் நிற்கும் படகுக்குப் பட்டறையில் மேலறையை நீட்டினால், எடை பெரிதாகக் கூடாமலே 40-ஐத் தாண்டி வட்டாரமே மாறிப்போகலாம். இஞ்சினும் அப்படித்தான். பழையது உடைந்ததும் அவசரத்துக்கு ரீகண்டிஷன் இஞ்சின் இறக்கிவிடுகிறார்கள். லைசன்ஸில் இருக்கும் இஞ்சின் எண்ணும் குதிரைத்திறனும் வேறு. சோதனை நாளில் லைசன்ஸ் நின்றுபோகும். மாற்றுவதற்கு முன் மீன்வள இலாகாவின் எழுத்து அனுமதி வேண்டும், பிறகு இல்லை. வெல்டிங் பட்டறை, இஞ்சின் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் வேலையை ஏற்கும் முன் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இருவருக்கும் நல்லது. கரையோர வட்டாரங்களுக்குப் புது லைசன்ஸ் கொடுப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. போன லைசன்ஸ் திரும்பி வருவது குதிரைக் கொம்பு.

சில சமயம் விவகாரம் கடல் தாண்டியும் வரும். ஆமை தப்பிக்கும் சட்டகம் பொருத்தாத இழுவலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தபோது, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு மலேசியாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது. 1998-இல் மேல்முறையீட்டில், அமெரிக்கா தடையை நடத்திய விதம் பாரபட்சமானது என்று தீர்ப்பு வந்தது. மலேசியா விடாமல் மறுபடியும் போனது. 2001-இல் திருத்திய அமெரிக்க முறை செல்லும் என்று ஆகிவிட்டது. அந்தச் சட்டகம் என்பது மடிக்கு முன்னால் சாய்வாக நிற்கும் கம்பித் தடுப்பு. அமெரிக்க அளவில் கம்பிக்கும் கம்பிக்கும் இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. குப்பையும் பலாச்சுளை போன்ற சொறிமீனும் அடைத்துக்கொண்டால் இறாலும் வெளியேறிவிடும் என்பது உரிமையாளர்களின் நியாயமான பயம். இதில் சங்கம் செய்யக்கூடியது, ஒரே நாளில் ஒரே தடத்தில் சட்டகம் உள்ள வலையும் இல்லாத வலையும் இழுத்து, இரண்டிலும் இறால் எத்தனை கிலோ, குப்பை எத்தனை கிலோ என்று பல இழுப்புகளுக்கு எழுதுவது. “எங்களுக்குச் சரிப்படாது” என்ற ஒரு வரியை எந்த இலாகாவும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

சங்கத்தின் உள்வேலைக்கு வருவோம், இங்கேதான் அதிகமாகக் கவிழ்கிறார்கள். பதிவு செய்ய ஏழு பேர் போதும், நடத்துவதுதான் பாடு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் ஒன்பதாம் பாரத்தில் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். இப்போது பதிவிலாகாவின் இ-ரோசஸ் இணையத்தளத்திலேயே அனுப்பலாம். இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் பதிவு ரத்தாகும் நிலை வரும், ரத்தான சங்கத்தின் கடிதத்தை எந்த அதிகாரியும் கையில் வாங்க மாட்டார். விதியைத் திருத்தினால் பதிவிலாகா ஒப்புதல் வரும்வரை பழைய விதிதான் நடப்பு. வழக்கமான விதிப்படி கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, என்பது வாக்குரிமை உள்ளவர்களில் பாதி, அல்லது கமிட்டி எண்ணிக்கையின் இரண்டு மடங்கு, எது குறைவோ அது. உரிமையாளரே தெக்கோங்காகவும், அதாவது படகை ஓட்டும் தலைவராகவும், இருக்கும் படகுகள் உண்டு என்பதால் கூட்டத் தேதியை நிலாவைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். விளக்கு வைத்துப் பிடிக்கும் சுருக்குவலைப் படகுகளுக்குப் பௌர்ணமியை ஒட்டிப் பிடிப்பு இருக்காது, அப்போதுதான் ஆள் கரையில் இருப்பார்.

மினிட்டில் யார் என்ன பேசினார் என்பதை நீட்டி முழக்க வேண்டாம். என்ன முடிவு, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று போதும். அதிகாரியோடு நடந்த சந்திப்புக்கும் அன்றைக்கே ஒரு பக்கம் எழுதி, “இன்று பேசியபடி” என்று தொடங்கி அவருக்கே அனுப்பிவிட வேண்டும். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் அடுத்தவர் கோப்பைத் திறக்கும்போது இருக்கப்போவது அந்தப் பக்கம் மட்டுமே.

கடைசியாக, படகு பிடிபட்டுவிட்டால். முதல் தொலைபேசி வந்ததும் கேட்க வேண்டியவை: படகு எண், பிடித்தது எந்தத் துறை, எந்த இடம், எத்தனை மணி, தெக்கோங் யார், ஆட்களில் எத்தனை பேர் வெளிநாட்டவர், அவர்கள் பாஸ்போர்ட் எங்கே. பிடிபடும் படகுகளில் ஏராளமானவற்றில் குற்றம் மீனில் இல்லை, ஆட்களின் தாளில்தான். வெளிநாட்டவரையே தெக்கோங்காகப் போட்டு அனுப்புவது அதில் மோசமானது. தெக்கோங்கிடம் சொல்ல வேண்டியது ஒன்று: சண்டை வேண்டாம், ஓட வேண்டாம், புரியாத வாக்குமூலத்தில் கையெழுத்தும் வேண்டாம். ஜி.பி.எஸ் கருவியை யாரும் அணைக்கவோ அழிக்கவோ கூடாது. அதில் இருக்கும் தடம் நமக்கே சாட்சியாகலாம். லைசன்ஸ் அசல், உரிமையாளர் அடையாள அட்டை, ஆட்களின் தாள்கள், வலை அளவுத் தாள் எல்லாம் ஒரே கோப்பில் அன்றைக்கே கரை அலுவலகத்துக்குப் போக வேண்டும். உடன் வழக்கறிஞர் ஒருவர். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்து நகல் வாங்க வேண்டும்: வலை எத்தனை, டீசல் எத்தனை லிட்டர், மீன் எத்தனை கிலோ. மீன் கெட்டுப்போகும் பொருள் என்பதால் ஏலத்தில் விற்று, பணத்தை வழக்கு முடியும்வரை வைத்திருப்பார்கள். எந்த வகை மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்று எழுதிய ரசீது உரிமையாளர் கைக்கு வரும்வரை கிராணி அந்த அலுவலகத்தை விட்டு நகரக் கூடாது.